தைத்தவரே பாஸ் போடலாமா?

1910ஆம் வருஷம் மார்ச் மாதம் மெட்ராஸில் ஒரு விமானம் பறந்தது. ஓட்டியவர் பட்டாளத்துக்காரர் இல்லை, இன்ஜினீயரும் இல்லை. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திக்கொண்டிருந்த கார்சிகா தீவுக்காரர், ஜாகோமோ டி ஏஞ்சலிஸ் என்று பெயர். அதற்கு முந்தைய வருஷம் ஜூலையில் லூயி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து தாண்டியிருந்தார். அந்தச் சூட்டில் நம் ஓட்டல்காரர் தானே ஒரு விமானத்துக்குத் திட்டம் போட்டு, அதைக் கட்டும் வேலையை சிம்சன் கம்பெனியிடம் கொடுத்தார். கோச்சு வண்டியும் மோட்டார் பாடியும் கட்டிப் பேர் வாங்கிய கம்பெனி அது. மரமும் துணியும் அவர்களுக்குப் பழகிய சரக்கு. பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டினார். அலகாபாத்திலிருந்து நைனிக்குத் தபால் மூட்டையோடு விமானம் போனது 1911 பிப்ரவரி 18. அது எல்லோருக்கும் தெரிகிறது. அதற்கு ஒரு வருஷம் முந்திய மெட்ராஸ் ஓட்டல்காரரை யாருக்கும் தெரிவதில்லை.

சொந்தமாக விமானம் கட்டுவது என்றாலே "அதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை, நமக்கு எதுக்கு" என்கிறவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் டி ஏஞ்சலிஸை முதலில் நிறுத்தினேன். ஆளும் வெள்ளைக்காரர்தானே என்று சிரிக்காதீர்கள், கட்டிய கைகள் நம் ஊர்க் கைகள். இன்றைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மும்பை காந்திவலியில் விமானியாக வேலை பார்த்த அமோல் யாதவ், தன் குடும்பம் குடியிருந்த கட்டடத்து மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த மேக் இன் இந்தியா கண்காட்சியில் அதை வைத்தார்கள். கேரளத்துத் தொடுபுழா பக்கத்து சஜி தாமஸ் பிறவியிலேயே காது கேட்காத, வாய் பேசாத மனிதர். பள்ளிப் படிப்பையும் முடிக்கவில்லை. அவர் கட்டிய சின்ன விமானம் பறந்து பார்த்தது நம் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறு பக்கத்தில். 2017இல் வந்த 'விமானம்' என்ற மலையாளப் படத்துக்கு அவர் வாழ்க்கைதான் தூண்டுதல். ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில் ஒரு 'கிட்' வாங்கி, நாலு பேர் உட்காரும் விமானமாகப் பூட்டி, பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஐரோப்பா சுற்றிய செய்தி 2022இல் எல்லா வாட்ஸப்பிலும் வந்தது.

அந்த வாட்ஸப் செய்திதான் எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. என் தங்கை பேரன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன், வெல்டிங்கில் கெட்டிக்காரன். அலுமினியக் குழாயும் இரண்டாம் கை இன்ஜினும் வைத்து ஒற்றை ஆள் விமானம் கட்டப் போகிறானாம். என்னிடம் கேட்டது இரண்டு. ஒன்று, கொஞ்சம் பணம். இன்னொன்று நிலாவூர்ப் பக்கம் எங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர் நிலமும் சேர்ந்து கிடக்கிற புல்வெளி. "மாடுதானே தாத்தா மேயுது. நீட்டுவாக்குல சமமாத்தானே இருக்குது. அதுல ஓட்டி எழுப்பிடுவேன்" என்றான்.

பணம் தருவது பற்றி எனக்கு யோசனையே இல்லை, தருவேன். நிலம் தர மாட்டேன். அதற்குக் காரணம் பயம் அல்ல, கணக்கு. அந்தக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன். இன்னும் பல வீட்டில் இப்படிப் பேரன்கள் இருப்பார்கள்.

விமானத்தோடு வரும் புத்தகத்தில் 'டேக் ஆஃப்' செய்து 50 அடி உயரம் எட்ட இத்தனை மீட்டர் போதும் என்று போட்டிருப்பார்கள். அவன் காட்டிய படத்தில் 300 மீட்டர். எங்கள் நிலம் கோடியிலிருந்து கோடிக்கு 350 மீட்டர் வரும். "ஐம்பது மீட்டர் மிச்சம் தாத்தா" என்றான். ஆனால் புத்தகத்து 300 மீட்டர் என்பது கடல் மட்டத்தில், 15 டிகிரி குளிரில், கெட்டியான தார்த் தளத்தில். ஏலகிரி எங்கே, அது எங்கே!

இங்கிலாந்தின் விமானத்துறை சிறு விமானக்காரர்களுக்கு ஒரு பெருக்கல் கணக்கு கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் தூரத்தை 1.1ஆல் பெருக்கு. சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடுவதற்கும் இன்னொரு 1.1. காய்ந்த புல்லென்றால் 1.2, ஈரப் புல்லென்றால் 1.3. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும், கூட்டினால் போதாது. நம் மலை ஏறத்தாழ 3500 அடி. அந்த உயரத்துக்குக் கணக்குப்படி இருக்க வேண்டிய குளிர் 8 டிகிரி. நம் நடுப்பகல் 28. ஆக 20 டிகிரி அதிகம். உயரத்துக்கு 1.4, சூட்டுக்கு 1.21, காய்ந்த புல்லுக்கு 1.2. பெருக்கினால் இரண்டுக்கு மேல் வருகிறது. 300 மீட்டர் 600 மீட்டரைத் தாண்டிவிட்டது! இதற்கு மேல் பத்திரத்துக்காக 1.33ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். அப்போது 800 மீட்டர். எங்கள் நிலத்தின் கடைசியில் பலா மரங்கள் நிற்கின்றன.

ஏன் இப்படி என்று கேட்டால், மலைக் காற்று மெலிசு. இறக்கைக்குத் தாங்கு குறைவு, இன்ஜினுக்கு மூச்சு குறைவு. கார்புரேட்டர் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், பொன்னேரியில் ஏறத் தொடங்கும்போது இருந்த இழுவை பதினாலாவது வளைவில் இருக்காது. சாதாரண இன்ஜின் இந்த உயரத்தில் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். புல் அதன் பங்குக்குச் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். மழை பெய்து மண் இளகியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

புல்தளத்தில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. தரையை ஒட்டி ஓர் ஆள் உயரத்தில் இருக்கும்போது இறக்கைக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று மெத்தை மாதிரி உதவி செய்யும். வேகம் போதாவிட்டாலும் விமானம் எழும்பிவிடும். ஓட்டுகிறவன் "வந்துட்டேன்" என்று மூக்கைத் தூக்குவான். மெத்தையை விட்டு மேலே போனதும் தாங்கல் போய்விடும். ஏறவும் முடியாது, நிற்கவும் தளம் மிச்சமிருக்காது. சின்ன விமானங்கள் கிளம்பும்போதே மரத்தில் மாட்டுவது பலதடவை இப்படித்தான்.

எழும்பியபின் இன்ஜின் நின்றால் கதை வேறு. 200, 300 அடியில் ஒரு நிசப்தம். அப்போது யாருக்குமே தோன்றுவது, திரும்பித் தளத்துக்கே போய்விடலாம் என்பதுதான். முதுகுக்குப் பின்னால் நல்ல புல்தரை, முன்னால் கரும்பும் கரண்ட் கம்பமும். மனசு திரும்பத்தான் சொல்லும். ஆனால் விமானத்தைச் சாய்த்துத் திருப்பும்போது விழாமல் நிற்க அதிக வேகம் தேவை. 45 டிகிரி சாய்த்தால் சுமார் 19 சதவீதம் கூடுதல், 60 டிகிரி என்றால் 41. இன்ஜின் நின்ற விமானத்தில் அந்த வேகம் எங்கிருந்து வரும்? உள்பக்கத்து இறக்கை முதலில் தாங்கலை விடும், ஒரு பக்கமாகக் கவிழ்ந்து மூக்கு குத்தி விழும். அதனால்தான் பழைய வாத்தியார்கள் எல்லோரும் மூக்கைக் கீழே இறக்கு, எதிரே கிடைக்கிற இடத்தில் இறங்கு, திரும்பாதே என்கிறார்கள். வண்டி போகட்டும், ஆள் பிழைப்பான். சொல்லிக் கொடுத்தால் யாரும் ஒப்புக்கொள்வார்கள். அந்த மூன்று வினாடியில் செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்.

நடிகை சௌந்தர்யாவை மறந்திருக்க மாட்டீர்கள். 'அருணாசலம்', 'படையப்பா' பார்த்தவர்கள் எப்படி மறப்பார்கள்? 2004 ஏப்ரல் 17, தேர்தல் பிரசாரத்துக்காக பெங்களூரு ஜக்கூரிலிருந்து கரீம்நகருக்குக் கிளம்பிய செஸ்னா 180 விமானம். தொழிற்சாலையில் செய்தது, வீட்டில் கட்டியது அல்ல. சுமார் நூறு அடி ஏறியதும் பக்கத்து விவசாயப் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து எரிந்தது. அவர், அவர் அண்ணன், விமானி, இன்னொருவர் என நாலு பேரும் போய்விட்டார்கள். அதற்குக் காரணம் இன்னது என்று நான் இங்கே தீர்ப்பு எழுதவில்லை. கிளம்பின ஒரு நிமிஷத்துக்குள், கண்ணெதிரே தளம் தெரிகிற தூரத்தில், மனுஷன் கையில் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். 2025 ஜூன் 12 ஆமதாபாத்தில் விழுந்ததும் கிளம்பியவுடன்தான். அத்தனை பெரிய விமானத்துக்கே அந்த நேரம் கொடிய நேரம்.

இனி, வீட்டில் கட்டும் விமானத்துக்கு உள்ள தனிச் சங்கதி.

அமெரிக்காவில் இப்படிச் சொந்தமாகக் கட்டிய விமானங்கள் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. அங்கே தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. தனியார் சிறு விமானங்களில் இவை ஏறக்குறைய பத்து சதவீதம்தான். ஆனால் 2011இல் நடந்த விபத்துகளில் 15 சதவீதம், உயிர்ப்பலி விபத்துகளில் 21 சதவீதம் இவற்றுடையது. அதிகம் காரணமானவை இரண்டு: இன்ஜின் கோளாறு, ஓட்டுபவர் கைவிட்டுப் போகும் கட்டுப்பாடு. விமானம் புதிதாக இருக்கும் தொடக்க நாட்களில்தான் ஆபத்து கூடுதல். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. அந்த வருஷம் விழுந்தவற்றில் பாதிக்கு மேல், கட்டியவரிடமிருந்து இன்னொருவர் விலைக்கு வாங்கியவை. ஒருவர் மனசில் இருந்த வசதி இன்னொருவருக்கு எமனாகிறது.

ஜான் டென்வர் கதை இதுதான். அமெரிக்காவில் பெரிய பாடகர். நல்ல அனுபவமுள்ள விமானியும்கூட. வேறொருவர் கட்டிய 'லாங் ஈஸி' என்ற விமானத்தை வாங்கினார். வடிவமைத்தவரின் வரைபடத்தில், ஒரு டேங்கிலிருந்து இன்னொரு டேங்குக்கு மாற்றும் பெட்ரோல் வால்வு ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே இருக்கும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். பெட்ரோல் குழாய் ஆள் உட்காரும் இடத்துக்குள் வரக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான். 1997 அக்டோபர் 12 சாயங்காலம் டென்வர் மான்டரே ஊரில் கிளம்பினார். வால்வு எட்டவில்லை என்பது கிளம்புமுன்பே தெரியும். பின்னால் இருக்கும் பெட்ரோல் அளவைப் பார்க்க ஒரு மெக்கானிக் சின்னக் கண்ணாடி கொடுத்திருக்கிறார். பெட்ரோல் போடட்டுமா என்றதற்கு, ஒரு மணி நேரம்தானே என்று வேண்டாம் என்றிருக்கிறார். பறந்துகொண்டிருக்கும்போது ஒரு டேங்க் தீர்ந்தது. வால்வைத் தொட வேண்டுமானால் பிடியை விட்டுவிட்டு உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். திரும்பும்போது கால் தன்னையறியாமல் ஒரு பக்கத்து மிதியை அழுத்தும். விமானம் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 53.

ராஜ்தூத்தோ புல்லட்டோ ஓட்டியவர்கள் முழங்காலுக்குக் கீழே கைவிட்டு 'ரிசர்வ்' திருப்பிய நாட்களை நினைத்துப் பாருங்கள். வண்டி உதறும், கை தடவும், திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். அந்தக் குழாயை யாரோ பின் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்திருந்தால்?

வாங்கியவருக்குத்தான் ஆபத்து, கட்டியவருக்குத் தெரியாததா என்று பேரன் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு ஸ்டீவ் விட்மன் இருக்கிறார். சொந்தமாக விமானம் கட்டுகிற அமெரிக்கர்களுக்கு அவர் பீஷ்மர் மாதிரி. ஆஷ்காஷ் என்ற ஊரில் வருஷா வருஷம் அவர்கள் கூடுகிற விமான நிலையத்துக்கே விட்மன் பெயர்தான். 1995 ஏப்ரலில், 91 வயதில், தானே வடிவமைத்துத் தானே கட்டிய விமானத்தில் மனைவியோடு கிளம்பினார். அலபாமா மேலே பறக்கும்போது விமானம் வானத்திலேயே உடைந்தது. விசாரணையில் தெரிந்தது: இறக்கையின் மரப்பலகை மேல் ஒட்டிய துணி உரிந்திருக்கிறது. துணி தயாரித்தவர்கள் சொன்ன முறையில் ஒட்டாமல், பெரியவர் தன் பழைய கைமுறையில் ஒட்டியிருக்கிறார்.

ஆம்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோல் ஒட்டுகிற பசை வேறு, அதற்கு முன் பூசுகிற பிரைமர் வேறு, இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் கடையில் பார்க்கப் பளபளவென்று இருக்கும். மூன்றாம் மாதம் வாயைப் பிளக்கும். பிளந்த ஷூவோடு வீட்டுக்கு நடந்து வந்துவிடலாம்.

நான் ஒரு ஷூ கம்பெனியில் 31 வருஷம் வேலை பார்த்தேன், அதில் கடைசி 19 வருஷம் ஃபைனல் செக்கிங். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தைத்தவர் தன் ஜோடியைத் தானே பாஸ் போடக் கூடாது. அவர் திருடர் என்பதால் இல்லை. எங்கள் லைனில் அப்பர் தைத்த அம்மாள்கள் போல நேர்மையானவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் ஒரே தையலை நாளெல்லாம் பார்த்த கண்ணுக்கு அது நேராகத்தான் தெரியும். விட்டுப்போன ஒரு தையல் அடுத்த மேஜையில் இருப்பவருக்குச் சட்டென்று படும். அதற்கு மேல் பையரின் ஆள் வந்து, எங்கள் செக்கிங்கையும் நம்பாமல், பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்ப்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் நடப்பதற்கு ஒரு ஜோடி செருப்பு செய்யவே மூன்று ஜோடிக் கண்கள் என்றால், 300 அடி உயரத்தில் ஒரு பையனைத் தாங்குகிற குழாய்க்கு எத்தனை கண்கள் வேண்டும்?

இங்கிலாந்தில் இதைத்தான் செய்கிறார்கள். அவர்களுடைய சிறு விமானச் சங்கத்தின் இன்ஸ்பெக்டர், கட்டுகிறவர் கொட்டகைக்கே ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்க்கிறார். இறக்கையை மூடித் துணி ஒட்டுமுன் உள்ளே பார்த்தாக வேண்டும். மூடியபின் என்ன தெரியும்? அமெரிக்காவில் கட்டுகிறவர்களின் சங்கமே, முன்பு கட்டிப் பழகியவர்களைச் சம்பளமில்லாமல் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறது. முதல் பறத்தலைத் தானே ஓட்டுவதா, வேறொருவரிடம் கொடுப்பதா என்று யோசனை சொல்லத் தனி ஆட்களும் உண்டு. அதோடு முதல் 25 மணி நேரமோ 40 மணி நேரமோ, இன்ஜினைப் பொறுத்து, ஜனம் இல்லாத இடத்தில் மட்டுமே பறக்க வேண்டும். வேடிக்கைக்காக யாரையும் ஏற்றக் கூடாது.

நம் நாட்டில்? அமோல் யாதவ் விமானத்துக்குப் பதிவு கிடைத்தது 2017 நவம்பரில். கண்காட்சியில் அமைச்சர்கள் பார்த்துப் பாராட்டிய பிறகு இன்னும் ஒன்றே முக்கால் வருஷம். அவர் படித்தவர், விமானி, பத்திரிகைகள் பின்னால் நின்றன. என் தங்கை பேரன் மாதிரி ஒருவன் டெல்லிக்கு எழுதினால் பதில் வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பதில் வராத இடத்தில் என்ன நடக்கும்? விடியற்காலையில், யாருக்கும் சொல்லாமல், ஏரிக்கரைப் புல்லில் ஓட்டிப் பார்ப்பான். விழுந்தால் மறுநாள் பேப்பரில் 'அனுமதியின்றி' என்று ஒரு வார்த்தை போட்டு எல்லோரும் கையைக் கழுவிக்கொள்வார்கள். இதைத்தான் நான் குற்றமாகச் சொல்கிறேன். கதவை மூடி வைப்பது பாதுகாப்பு ஆகாது. மூடிய கதவுக்கு வெளியே நடப்பதை யாரும் செக் பண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

தடை போட்டுவிடலாம் என்று என் நடைப்பயிற்சி நண்பர்கள் சிலர் சொன்னார்கள். தடை எதைத் தடுத்தது? பட்டாசும் மாஞ்சா நூலும் தடுத்தாயிற்றா? எதிர்ப்பக்கத்தில், "அவன் உயிர், அவன் இஷ்டம், உனக்கென்ன" என்கிறவர்களும் உண்டு. இறக்கை ஒடிந்து விழும் இடத்தில் மாடு மேய்க்கிற பிள்ளையும் இருக்கும். அவன் அம்மாவும் என் தங்கை மகள்தானே, எனக்கென்ன என்று எப்படி இருப்பேன்?

மலையில் பாராகிளைடிங் நடந்த நாட்களில் வேடிக்கை பார்க்கப் போவேன். பறந்தவர்களைவிட எனக்குப் பிடித்தவர்கள், விரித்த துணியோடு இரண்டு மணி நேரம் காற்றுக்கு உட்கார்ந்திருந்துவிட்டு, காற்று சரியில்லை என்று மடித்து மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிப் போனவர்கள். சுற்றி நின்ற கூட்டம் கிண்டல் பண்ணும். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஓடுதளத்திலும் இதற்கு ஒரு கணக்கு உண்டு. எழும்ப வேண்டிய வேகத்தில் 70 சதவீதம் பாதித் தளத்துக்குள் வராவிட்டால், இன்ஜினைக் குறைத்து நின்றுவிட வேண்டும். பாதியில் ஒரு சிவப்புத் துணியைக் கம்பத்தில் கட்டிவிட்டால் போதும், செலவு பத்து ரூபாய். ஆனால் கூட்டம் கூட்டி, மாமன் மச்சானெல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும்போது, சிவப்புத் துணியைப் பார்த்து நிற்க எந்தப் பையனுக்கு மனசு வரும்? முதல் ஓட்டத்துக்குக் கூட்டமே கூடாது என்பது என் கட்சி.

இதற்கெல்லாம் லண்டனுக்குப் போக வேண்டாம். நம் வேலூர் ஜில்லா பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே பேர் வாங்கியது. கம்மவான்பேட்டையை ராணுவ கிராமம் என்றே சொல்கிறார்கள். விமானப் படையில் இருபது வருஷம் இன்ஜினையும் இறக்கையையும் பார்த்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ பேர் உண்டு. இவர்களில் பத்துப் பேரைச் சேர்த்து, கட்டுகிற பையன்களின் கொட்டகைக்குப் போய்ப் பார்க்கிற அதிகாரத்தை விமானத்துறை எழுத்தில் கொடுக்கலாம். அவர்கள் கையெழுத்து இல்லாமல் இறக்கைக்குத் துணி ஏறக் கூடாது.

ஓட்டிப் பார்க்க இடம் வேண்டுமானால் அப்துல்லாபுரம் இருக்கிறது. உதான் திட்டத்தில் சேர்த்துப் புதுப்பித்த வேலூர் விமானத் தளம், கடல் மட்டத்திலிருந்து 700 அடி சொச்சம்தான். தார்த் தளம். காலை ஆறு மணிக்கு 25 டிகிரி என்று வைத்து அதே பெருக்கலைப் போட்டால் 300 மீட்டர் 360 மீட்டர் ஆகிறது, ஏலகிரியில் 600. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, தீயணைப்பு வண்டி ஒன்று, ஆம்புலன்ஸ் ஒன்று. வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. இதற்கு அரசாங்கம் கோடி செலவழிக்க வேண்டியதில்லை, ஒரு உத்தரவு போட்டால் போதும்.

பேரனிடம் மூன்று நிபந்தனை சொன்னேன். முதலில் பெங்களூருவிலோ வேறெங்கோ முறையாகப் பறக்கக் கற்று லைசென்ஸ் வாங்கு, அதற்குத்தான் பணம். இரண்டாவது, வரைபடத்தில் இருப்பதை ஒரு அங்குலம்கூட உன் இஷ்டத்துக்கு மாற்றாதே. மாற்றியே ஆக வேண்டுமென்றால் வரைந்தவருக்கு எழுதிக் கேள். மூன்றாவது, நீ கட்டியதை நீ பாஸ் போடாதே. முகம் சுருங்கித்தான் போனான். இரண்டு வாரம் பேசவில்லை.

போன மாதம் விமானப் படையில் ஏர்ஃப்ரேம் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, ஜோலார்பேட்டையில் தன் ஷெட்டுக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். பிறகு இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாயில் ஒரு வளைவைத் தொட்டுக் காட்டி, "தம்பி, மூக்கைத் தூக்கும்போது இந்த இடத்துல காத்து அடைச்சிக்கும், பெட்ரோல் ஏறாது" என்றாராம். கீழே நிறுத்தி இன்ஜினை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு தடவைகூட அது நிற்கவில்லை என்று பேரன் சொன்னான். இப்போது அந்தக் குழாயை மாற்றிக்கொண்டிருக்கிறான்.